கட்டைவிரல் இருந்த இடம்

வறுத்த கோழியை நான் தொடுவதில்லை, ஐயா. மருந்து விற்பனைப் பிரதிநிதியாகப் பதினோரு வருடம் மசாகா நகரைச் சுற்றியுள்ள சுகாதார நிலையங்களுக்கு அதைச் சுமந்துபோனவன் நான். அங்குள்ள நர்ஸ்கள் எலும்பை உறிஞ்சிக்கொண்டே என் விளக்கத்துக்குத் தலையாட்டுவார்கள். அதே விரலால், மருந்துகளை விளக்கும் என் படப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். மாலையில் ஒவ்வொரு தாளாகத் துடைக்கும்போது குமட்டும். ஒருவர்கூட ஒரு வரி படித்ததில்லை.

வாந்தியை நிறுத்தும் எங்கள் சிரப்பைப் பற்றிய பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது. கழுத்து முறுக்கும், கண் செருகும், மூச்சு அடைக்கலாம். அந்த வரியை நான் மறைக்கவில்லை. புத்தகத்தை எங்கேயாவது பிடித்தாக வேண்டும். என் கட்டைவிரல் அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

ஏரிக்கரை நிலையத்து நர்ஸ் நல்வேயிசோ மட்டும் சாப்பிடும் முன்பே கேள்வி கேட்பார். என்னை மரியாதையாக 'செபோ', அதாவது ஐயா, என்றுதான் அழைப்பார்.

"கோழி ஆறட்டும், செபோ. இத கைக்குழந்தைக்குக் குடுக்கலாமா?"

"ஒங்க வார்டுல வாந்தி எடுக்கிறது யாரு அதிகம், சிஸ்டர்?"

"குழந்தைங்கதான்."

"அப்புறம் என்ன?"

அவர் சிரித்துவிட்டார். "ஒங்க வாய வித்தாலே போதும். மருந்து எதுக்கு?"

நான் கொடுக்கலாம் என்று சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அவர் ஒரு படிவத்தை நீட்டினார். மூன்று குழந்தைகளுக்குக் கழுத்து பின்னால் வளைந்திருந்தது. சிரப்பின்மேல் சந்தேகம் என்று கம்பாலாவிலுள்ள உங்கள் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதியிருந்தார்.

"மழை முடிஞ்ச நேரம்," என்றேன். "மலேரியா மூளைக்கு ஏறினா எப்படி இருக்கும், சிஸ்டர்?"

கொஞ்சம் யோசித்தார். "இப்படித்தான் இருக்கும்."

"எதுக்கும் படிவத்தக் குடுங்க. நாளைக்கு கம்பாலாதான் போறேன்."

"நல்லா இருப்பீங்க."

வழியில் ஒரு பெட்ரோல் பங்க் கழிப்பறைக் குழியில் அதைப் போட்டேன். மலத்தின்மேல் விரிந்து கிடந்தது. புழுக்கள் ஏறி எழுத்து மறையும்வரை நின்று பார்த்தேன். எந்த வேலையையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

அடுத்த முறை நான் போயிருந்தபோது நகிட்டோ என்ற மீன்காரி எட்டு மாதக் குழந்தையோடு வந்தாள். குழந்தை முந்தின நாள்தான் சிரப்பைத் தொடங்கியிருந்தது. கழுத்து பின்னால் வளைந்து, கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்தது. நல்வேயிசோ மலேரியா ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என் கை ரெண்டும் வேலையா இருக்கு, செபோ. ஒங்க சிரப்தான, ஒரு மூடி குடுத்துடுங்க."

குழந்தையின் வாந்தி என் சட்டையில் வழிந்தது. புளித்த பாலின் நாற்றம். அதற்கு வந்திருப்பது மலேரியா அல்ல என்று அறிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். தயங்கியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். பிறகு எல்லா நிலையங்களிலும் கேட்டிருப்பார்கள்.

மூடியில் கோடுவரை ஊற்றினேன். வாய் இறுகியிருந்தது, கன்னத்தை அழுத்தித் திறந்தேன். எல்லாம் உள்ளே இறங்கும்வரை மூக்கைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றது.

ஆமாம், தெரிந்துதான் கொடுத்தேன். ஆனால் அளவு ஒரு சொட்டுக்கூட மிகவில்லை. வேண்டுமானால் அந்தத் தாயையே கேளுங்கள். கொடுத்த கையோடு நான் மூடியைக் கழுவி வைத்தபோது, என்னை டாக்டர் என்று நினைத்து, மண்டியிட்டு நன்றி சொன்னாள். உடனே எழுந்திருக்கச் சொன்னேன். நன்றியை எதிர்பார்த்து வேலை செய்கிறவன் அல்ல நான்.