மேல்வயல் தண்ணி மட்டம்

காபி குடிச்சுக்கிட்டே தண்ணி மட்டத்தைப் பாக்குறது என் பழக்கம், ஐயா. மத்தவங்க பேப்பர் பாப்பாங்க.

நீடாமங்கலத்துல செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். கைக்குள்ள அடங்குற வைஃபை சிப்புன்னா எனக்குப் பைத்தியம். லேப்டாப்புல சொருகி, எழுதின புரோகிராமை ஏத்திட்டா, அந்தச் சிப்பே ஒரு குட்டி வெப் சர்வர். கொல்லையை ஒட்டின மேல்வயல்ல ஒண்ணு வச்சேன். போன்ல பேஜைத் திறந்தா தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு காட்டும். ஆத்துல முறை வச்சுத் தண்ணி விடுற காலம், குறுவைப் பயிர் தப்பிக்கணும்ல.

அதுலதான் தெரிஞ்சது, விடிஞ்சு பாத்தா தண்ணி குறைஞ்சிருக்கு. பக்கத்து வயல் சாமிதுரை அண்ணன் மேல சந்தேகம். அவர் வயல் பள்ளம், எப்பவும் தளும்பும். கேட்டேன். "உன் தண்ணி எனக்கெதுக்குடா தம்பி? நண்டு வளை போட்டிருக்கும், வரப்பைப் பாரு"ன்னு சிரிச்சார். திருடாதவன் எதுக்குச் சிரிக்கணும்?

என் சம்சாரம் கவிப்ரியாவும் அதையே சொன்னா. "எந்நேரமும் போனையே நோண்டுறீங்களே, இறங்கிப் போய் வரப்பைப் பாத்தா காலு தேஞ்சா போயிடும்?" ரெண்டு பேரும் ஒரே பேச்சைப் பேசுனது எனக்குச் சரியாப் படலை. எப்ப கூடிப் பேசுனாங்கன்னு யோசிச்சேன்.

புரோகிராமை மாத்தித் திருப்பி ஏத்தினேன். வரப்புக்கிட்ட யாராவது வந்தா பேஜ்ல 'ஆள்'னு காட்டும். பக்கத்துலயே 'வேலி'ன்னு ஒரு பட்டன், வரப்போரமா நான் இழுத்துக் கட்டின கம்பிக்குக் கரண்டு விடுறதுக்கு. எலிக்குன்னு வீட்ல சொன்னேன். பட்டனுக்குப் பச்சைக் கலர் குடுத்தேன். சிவப்பு கண்ணை உறுத்துது.

அன்னைக்குக் காலைல 'ஆள்'னு காட்டுச்சு. ஜன்னல் வழியாப் பாத்தேன். சாமிதுரை அண்ணன்தான், வரப்புல குனிஞ்சிருந்தார். ஒரு சத்தம் குடுத்திருந்தா நிமிர்ந்திருப்பார். பட்டனைத் தொட்டேன். காபியைக் குடிச்சு முடிச்சுட்டுத்தான் அணைச்சேன்.

கொன்னது நான்தான். அதுல ஒளிவுமறைவு இல்லை. அவர் கை நிறையக் களிமண்ணாம், என் வரப்புல இருந்த நண்டு வளையை அடைச்சு முடிச்சிருந்தாராம், ஊரே சொல்லுது. சொல்லிட்டுப் போகட்டும். நீங்க என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் பேஜைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தண்ணி ஒரு விரக்கடைகூடக் குறையலை.

ஆள் போனதும் திருட்டு நின்னுபோச்சு, பாத்தீங்களா ஐயா. அதையும் எழுதிக்குங்க.