புது வேட்டியின் மஞ்சள் முனை

திருமங்கலம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரி மாணவர்கள். ரசாயனச் செய்முறைப் பரீட்சை முடிந்து ஊர் திரும்புகிறவர்கள். சன்னலோரம் இருந்தவன் சொன்னான்:

“இன்னைக்கு என்னையக் காப்பாத்துனது வேட்டிதான் மாப்ள.”

“வேட்டியா?”

“குடுத்த உப்பைச் சுண்ணாம்போட சோதனைக் குழாயில போட்டுச் சூடாக்குனேன். அம்மோனியா வாடை குப்புன்னு அடிச்சுச்சு. வாடைய மட்டும் எழுதுனா மார்க் போடுவாங்களா? நெறம் மாறுறதைக் காட்டணும். லிட்மஸ் காகிதம்தான் பாதியிலயே தீந்துபோச்சே.”

“ஆமா, சீமையில நடக்குற சண்டையால கப்பல்ல வரலையாம். எனக்கும் அதே உப்புதான்.”

“புது வேட்டின்னு ஆத்தா முனையில மஞ்சள் தடவிக் குடுத்துச்சு. அதை நனைச்சுக் குழாய் வாயில பிடிச்சேன். ஆரத்தித் தண்ணி கணக்கா செவந்துருச்சு!”

“பரீட்சை வாத்தியார் பாத்தாரா?”

“அவர் வர்றதுக்குள்ள வாடை பறந்து பழையபடி மஞ்சளாயிருச்சு. நடந்ததைச் சொன்னேன். மறுபடி சூடாக்குன்னாரு. அவரே குனிஞ்சு என் வேட்டி முனையைக் குழாய்க்கிட்ட பிடிச்சாரு. அம்புட்டுப் பேரும் வேலைய விட்டுட்டு எட்டிப் பாத்தாங்க.”

மற்றவன் தன் வேட்டியின் முனையை எடுத்து மடியில் விரித்தான்.

“அடேயப்பா! எனக்கும் புது வேட்டிதான்டா. இந்தா, மஞ்சளும் இருக்கு. நான் காகிதம் வரும் வரும்னு வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன்.”