பச்சையாகவே இருந்த திரை

ஒரே வேலையை ஒருவர் திரும்பத் திரும்பக் கையால் செய்வதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. என் மனைவி ஞாயிற்றுக்கிழமைதோறும் மந்தி என்கிற கறிக் கொழுக்கட்டை செய்வாள். ஒவ்வொன்றாக மாவைத் தேய்த்து, ஆட்டுக்கறி வைத்து, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி மூடுவாள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஓர் அச்சு வாங்கிக் கொடுத்தேன். "உன் மெஷினை நீயே தின்னு" என்று அதைத் தூக்கி அலமாரி மேல் போட்டுவிட்டாள். நான் சிரித்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு சுலபமாகக் கோபம் வராது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சுரங்க வாசலில் நடந்த அடிதடிக்காகத்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கனிஷ் அகாவை அடித்தவர்களில் நானும் ஒருவன் என்று மூன்று பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். துக்கத்தில் இருந்த ஒரு கும்பல், அதில் நிதானம் இழந்த ஒரு மென்பொருள்காரன் என்று எழுதிக்கொண்டு, சில வருடங்கள் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். ஆனால் நிதானம் இழந்தவன் என்று என்னைப் பற்றி எழுதுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். தேநீர் ஆறுகிறது, நீங்கள் குடியுங்கள்.

வடக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு எச்சரிக்கைக்கான மென்பொருளைப் பராமரிப்பதுதான் என் வேலை. கனிஷ் அகாவுக்கும் அதே வேலை. அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதனால் அகா, அதாவது அண்ணன், அவ்வளவுதான் வித்தியாசம். நிலத்தடியில் இருக்கும் உணரிகள் மீத்தேன் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அளவு கூடினால் எங்கள் மென்பொருள் அலாரம் அடித்து, வெட்டும் எந்திரங்களுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தும். அந்த மென்பொருளை அது ஓடத் தேவையான எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்திருப்போம். எங்கள் பாஷையில் அதற்கு இமேஜ் என்று பெயர். புதுப் பொட்டலம் வந்தால், கறுப்புத் திரையில் கட்டளை அடித்து அதை இறக்க வேண்டும். பழையதை நிறுத்த வேண்டும். புதியதைக் கிளப்ப வேண்டும். வருடக்கணக்காக இதையே அடித்துக்கொண்டிருந்தோம்.

நான் இதையெல்லாம் சேர்த்து ஒரே கட்டளையாக்கினேன். அதையும் யாரும் அடிக்க வேண்டியதில்லை. அதுவே போய்ப் பார்க்கும், புதிது வந்திருந்தால் இறக்கும், மாற்றும், முடித்துவிட்டு ஒரு வரி செய்தி அனுப்பும். துல்பார் என்று பெயர் வைத்தேன். எங்கள் கதைகளில் வரும் பறக்கும் குதிரை. அந்த வருடம் நான் செய்ததிலேயே அழகான காரியம் அது. நிறுவனத்தின் எல்லாச் சுரங்கங்களிலும் அதை வைப்பதாகப் பேச்சு. தலைமைப் பொறுப்பும் எனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

கனிஷ் அகாதான் குறுக்கே நின்றார். அவருக்கு ஒரு பழக்கம். பொட்டலத்தை மாற்றும்போது ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம், எச்சரிக்கைக்குக் கண் தெரியாது. அதனால் கீழே ஓர் ஆள்கூட இல்லாதபோதுதான் மாற்றுவார். திரையில் வரும் வருகைக் கணக்கை நம்பமாட்டார். விளக்கறைக்கு நடந்தே போவார். கீழே போகிறவன் தன் எண் போட்ட விளக்கைக் கொக்கியிலிருந்து எடுத்துப் போவான், மேலே வந்ததும் மாட்டுவான். எல்லாக் கொக்கியிலும் விளக்கு தொங்குகிறதா என்று தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்துதான் விசைப்பலகையைத் தொடுவார். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் வேலை மறுநாளைக்குப் போய்விடும். விளக்கறையைப் பார்த்துக்கொள்ளும் ராபிகா அபாய், எங்களுக்கெல்லாம் அக்கா மாதிரி, அவள்கூடக் கிண்டல் செய்வாள். "எதுக்கு தினம் தினம் என்னைப் பாக்க வர்றீங்க? வீட்டுக்காரி கேக்கலையா?"

"உன்னைப் பாக்க வர்றேன்னுதான் அவ நெனைச்சிட்டிருக்கா. விளக்கைப் பாக்க வர்றேன்னு சொன்னா நம்பவா போறா?" என்பார்.

கூட்டத்தில், இயக்குநர் முன்னால், எல்லாரும் இருக்கும்போது அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி எர்தென், குதிரை நல்லாத்தான் ஓடுது. அது விளக்கறைக்குப் போயிட்டு வருமா?"

எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். மேசைக் கோடியில் யாரோ கனைத்துக் காட்டினான். "குதிரையைக் கட்டிப்போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று இயக்குநர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். ஒரு வருட உழைப்பு அவ்வளவு நேரத்தில் முடிந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

மனிதக் கைதான் ஆபத்து என்பதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். சொல்லிப் புரியவைக்க முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

கனிஷ் அகா விளக்குகளைக் கண்ணால் பார்ப்பார், ஆனால் பொட்டலத்தைப் பெயரால் கூப்பிடுவார். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற தவறு இது. 'நிலையானது' என்று ஒரு பெயர்ச்சீட்டு இருக்கும். அந்தச் சீட்டு எதன்மேல் ஒட்டியிருக்கிறதோ அதுதான் இறங்கும். சீட்டை உரித்து இன்னொன்றின் மேல் ஒட்டலாம், அதற்கு ஒரு கட்டளை போதும். பொட்டலத்துக்கென்று மாற்ற முடியாத ரேகை ஒன்று உண்டு, நம் விரல் ரேகை மாதிரி. நீளமான எண். அதை யார் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்?

வாடிக்கையாளர்களுக்குச் செய்து காட்ட நாங்கள் ஒரு பொட்டலம் வைத்திருந்தோம். அது உணரிகளைக் கேட்காது. நல்ல நாளில் பதிந்து வைத்த நல்ல எண்களையே சுழற்றிச் சுழற்றிக் காட்டும். திரை எப்போதும் பச்சை. அதற்குப் புதிய பதிப்பெண் போட்டு, 'நிலையானது' சீட்டை ஒட்டி வைத்தேன்.

அதை மாற்ற வேண்டிய இரவில், கீழே போயிருந்த பழுது பார்க்கும் ஆட்கள் மேலே வரத் தாமதம். கனிஷ் அகா விடியும்வரை காத்திருந்தார். கடைசி விளக்கு மாட்டியபின் ராபிகா அபாயிடம் சர்க்கரை தூவிய ஒரு பௌர்சாக் பணியாரம் வாங்கித் தின்றுகொண்டே வந்தார். உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டளையாக, ஒரு பிழை இல்லாமல் அடித்தார். திரை பச்சையானது. "பாத்தியா, உன் குதிரை இல்லாமலே வண்டி ஓடுது" என்று என் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போனார். சர்க்கரைத் தூள் என் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

காலைக் குழு கீழே இறங்கியது.

நான் கொலைகாரன் இல்லை என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே மேஸ்திரி மிர்சாபெக்கிடம் கையடக்க மானி உண்டு. வாயு கூடினால் அது கத்தும், எல்லாரும் மேலே வந்துவிடுவார்கள், திரை மட்டும் பச்சையாக இருந்தது ஏன் என்று விசாரணை வரும், கை வேலையின் லட்சணம் தெரியும். நான் போட்ட கணக்கு இதுதான். உண்மையான பொட்டலத்தை என் மேசைக் கணினியில் தனியாக ஓடவிட்டிருந்தேன். அது உணரிகளைக் கேட்கும், ஆனால் யாரிடமும் சொல்லாது. அலாரத்துக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருந்தேன்.

வாயு ஏறியது. மின்சாரம் நிற்க வேண்டிய அளவைத் தாண்டியது. மேலும் ஏறியது. நான் எதிர்பார்த்தபடியே மிர்சாபெக் கட்டுப்பாட்டறைக்குப் போன் செய்தான். பணியில் இருந்தவன் தொலெகென். என் மேசையும் அதே அறையில்தான். ஒலிபெருக்கியில் எல்லாம் என் காதில் விழுந்தது.

"டேய் தொலெகென், என் மானி கத்துதுடா. அங்க என்ன காட்டுது?"

"இங்க எல்லாம் பச்சைடா. குளிப்பாட்டி வச்ச குழந்தை மாதிரி இருக்கு."

"நல்லாப் பாருடா. இது நிக்காம கத்துது."

தொலெகென் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தான். "எர்தென், திரை சரியாத்தானே இருக்கு?"

அப்போது இன்னும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அவனுக்குத் தெரியாதபடி திருப்பி வைத்திருந்த என் மேசைத் திரையில் சிவப்பாக எண் நின்றது. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள் இல்லையா? அதோடு, இதுவரை நிரூபித்தது எல்லாம் பாதியில் நின்றுபோகும். அவர்கள் மேலே வந்து, சிரித்து, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

"காலைல கனிஷ் அகாதான் தன் கையால மாத்தினார். அவரையே கேளு" என்றேன்.

தொலெகென் அவருக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரவெல்லாம் விழித்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். தொலெகென் தோளைக் குலுக்கினான். "மாத்தினது கனிஷ் அகா. அவர் மாத்தினா தப்பாகுமா? மிர்சாபெக், உன் மானிக்கு உன் வயசு. வெட்டுடா."

அவன் வெட்டினான். மேசைமேல் இருந்த தேநீர்க் கிண்ணம் தானாக நகர்ந்தது, பிறகு தரை ஒரு தரம் தூக்கிப் போட்டது. சத்தம் கடைசியாக வந்தது. தொலெகென் ஒலிபெருக்கியைப் பார்த்து மிர்சாபெக், மிர்சாபெக் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். திரையில் மீத்தேன் அளவு மிகவும் நன்றாக இருந்தது.

எல்லாரும் சுரங்க வாசல் பக்கம் ஓடியபோது நான் சீட்டைப் பழைய பொட்டலத்துக்கே மாற்றி ஒட்டினேன், உண்மையானதைக் கிளப்பினேன். மாற்றி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு நானும் ஓடினேன், தூக்குப் படுக்கை சுமந்தேன். முதலில் வந்தவனுக்கு முகம் இல்லை. பிடித்துத் தூக்கியபோது அவன் கையின் தோல் கையுறை மாதிரி என் கையோடு வந்துவிட்டது. இரண்டாமவன் உயிரோடு இருந்தான். வாய் திறந்து திறந்து மூடியது, உள்ளே போன காற்று விலாவில் இருந்த ஓட்டை வழியாக வெளியே வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. மொத்தம் பதினொரு பேர். மிர்சாபெக்கை அவன் பல்லை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். ராபிகா அபாய் காலிக் கொக்கிகளின் கீழே தரையில் உட்கார்ந்து தலையால் சுவரை முட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இல்லை என்று நான் சொல்லவே இல்லை.

வாசலில் குடும்பங்கள் கூடிவிட்டன. மிர்சாபெக்கின் தம்பி என் சட்டையைப் பிடித்தான். "அலாரம் ஏன்டா அடிக்கல? என் அண்ணன் கேட்டானாமே, ஏன்டா சொல்லல?"

அந்த நேரம் பார்த்து கனிஷ் அகா, பொத்தானை மாற்றிப் போட்ட சட்டையோடு, தொப்பிகூட இல்லாமல் கரிபடிந்த பனியில் ஓடிவந்தார். நான் கை நீட்டவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "காலைல அலாரத்தை மாத்தினது அவர்தான். கையாலதான் மாத்துவேன்னு அடம் பிடிச்சதும் அவர்தான்" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் முஷ்டிகள். பிறகு பூட்ஸ் கால்கள். அவர் விழுந்ததும் ஒரு பெண் பனி தள்ளும் மண்வாரியின் விளிம்பால் அவர் முழங்காலில் ஓங்கிக் குத்தினாள். எலும்பு உடைவது எல்லாச் சத்தத்துக்கும் மேலே கேட்டது. அவர் தலையை மூடிக்கொள்ளவே இல்லை. கூட்டத்துக்குள் யாரையோ தேடினார். என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கினார். வாயில் ரத்தம், பேச்சு குழறியது.

"எர்தென்... போன் பாத்துட்டு வீட்ல இருந்தே உள்ள நுழைஞ்சு பாத்தேன்... காலைப் பதிவுல ரேகை வேற தம்பி... ஓடிட்டிருந்தது நம்ம பொட்டலம் இல்ல... நீ பாரு, உனக்குத்தான் தெரியும்..."

என்மேல் சந்தேகப்பட்டு அவர் அதைச் சொல்லவில்லை. என்னை நம்பிச் சொன்னார். அந்த இடத்தில் அவர் பேச்சு புரியக்கூடிய ஒரே ஆள் நான் என்பதால் சொன்னார். மற்றவர்களுக்கு அது பிதற்றல். ஆனால் அவர் பிழைத்து எழுந்தால் எல்லாருக்கும் புரியும்படி நிதானமாகச் சொல்வார். அந்த மனிதருக்கு நிதானம் அதிகம்.

செத்தவன் ஒருவனுடைய மூச்சுப் பெட்டி பக்கத்தில் கிடந்தது. கீழே வாயு சூழ்ந்தால் மூச்சுவிடுவதற்காக இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கனமான இரும்புப் பெட்டி. அதை எடுத்தேன், இடம் பார்த்தேன், நெற்றிப்பொட்டில் அடித்தேன். கண் இன்னும் என்னைப் பார்த்ததால் மறுபடி அடித்தேன். மூன்றாவது அடிக்கு எதிர்ப்பு இல்லை, பெட்டி உள்ளே இறங்கியது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பனியில் கை கழுவிக்கொண்டேன். அதில் கோபம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

போன மாதம் இயக்குநர் என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் எங்கள் நிறுவனத்தில் யாரும் கையால் எதையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு. எல்லாச் சுரங்கங்களிலும் துல்பார் ஓடுகிறது. நான் உள்ளே போனாலும் அது ஓடும்.

அன்று காலை கனிஷ் அகாவுக்குப் பதில் துல்பார் இருந்திருந்தால் அந்தப் பொட்டலத்தைக் கண்டுபிடித்திருக்குமா என்று கேட்கிறீர்கள். இல்லை. அதுவும் பெயரைத்தான் பார்க்கும். அதே பொட்டலத்தைத்தான் இறக்கியிருக்கும். ஆனால் விடியும்வரை விளக்குகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்காது. எவ்வளவு சீக்கிரம் முடித்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.