கூழாங்கல் பாதை

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? முட்டிவலி, முதுகுவலியெல்லாம் எப்படி இருக்கு? எனக்குக் கண்ணும் கையும் இன்னும் நல்லாத்தான் இருக்கு, அதான் உக்காந்து டைப் பண்றேன். எங்க வீட்டுப் புத்தர் தோட்டத்தைப் பத்தி நெறைய பேர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு முழுசா சொல்லிடறேன்.

வீட்ல நானும் என் ஓர்ப்படியும்தான் இருந்தோம். என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. "சின்னவ"ன்னுதான் கூப்பிடுவேன். ஆம்பளைங்க ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு. என் பையன் போன்ல "சாப்பிட்டியாம்மா"ன்னு கேப்பான், பதில் சொல்றதுக்குள்ள வச்சிடுவான். சின்னவளுக்குப் பார்வை போயிடுச்சு. ஆனா காது இருக்கே, அடுத்த தெருவுல பால் பொங்கினாக்கூட சொல்லிடுவா. நான் பேசப் பேச கேட்டுக்கிட்டே இருப்பா. அப்படி ஒரு ஆள் கெடைக்கணுமே.

அவ மனசு ஆறட்டும்னுதான் வீட்டுக்குப் பின்னாடி தோட்டம் போட்டேன். நடுவுல சிமெண்ட் புத்தர். கொத்தனார் மூக்கைக் கொஞ்சம் அமுக்கிட்டார். சின்னவ தடவிப் பாத்துட்டு, "என்னக்கா, இவருக்கு ஜலதோஷமா?"ன்னா. சிரிச்சு சிரிச்சு ரெண்டு பேருக்கும் வயித்துவலி. பக்கத்துல தாமரைக்குன்னு ஆளுயர ஆழத்துல ஒரு குளம். பின்வாசப்படியிலேருந்து புத்தர் வரைக்கும் கூழாங்கல் பாதை, அவளுக்காகவே போட்டது. காலடியில கல்லு சரக் சரக்குன்னா பாதையில இருக்கா. சத்தம் நின்னா நின்னுடணும். அது அவளுக்குத் தெளிவா கேக்கணுமேன்னு, தோட்டத்துல யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஒரு சட்டமும் போட்டேன். வாய் ஓயாத நான் போட்ட சட்டம், பாருங்க.

நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. அப்புறம் அவ பொண்ணு வந்து, "பெரியம்மா, அம்மாவை எங்ககூட கூட்டிட்டுப் போறேன். நீங்களும் அப்பப்ப வந்து பாருங்க"ன்னா. வந்து பாக்கணுமாம். சின்னவ என்ன சொல்லணும்? அக்காவை விட்டுட்டு எப்படிடி வருவேன்னு சொல்லணும். அவ, "பேரப்புள்ளைங்க சத்தம் கேக்கணும்போல இருக்குக்கா"ன்னா. அவ துணியெல்லாம் நான்தான் மடிச்சு வச்சேன்.

கெளம்புற அன்னைக்குக் காலையில கல்லை வாரி சீர் பண்ணேன். தினம் பண்றதுதான். அன்னைக்குப் பாதையைக் கொஞ்சமா வளைச்சேன். புத்தர்கிட்ட போகாம, குளத்து விளிம்புல போய் முடியிற மாதிரி. காலு சுளுக்கினா இன்னும் கொஞ்ச நாள் இருப்பாளேன்னுதான் நெனச்சேன். குளம் எவ்வளவு ஆழம்னு எனக்குத் தெரியும், தோண்டச் சொன்னதே நான்தானே.

"புத்தருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வரேன்க்கா"ன்னு போனா. நான் குளத்தோரப் பெஞ்சுல உக்காந்திருந்தேன். கல்லு சத்தம் போட்டுச்சு, அவளும் நம்பி நடந்தா. விழுந்தப்புறம், "அக்கா, எங்க இருக்கீங்க, கை குடுங்கக்கா"ன்னா. கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்தேன். ஆனா தோட்டத்துல பேசக் கூடாதுங்கறது சட்டம். எனக்காக மாத்த முடியுமா.

பொண்ணோட கார் வர்றதுக்குள்ள பாதையைப் பழையபடி வாரி முடிச்சிட்டேன்.

கண்ணு தெரியாதவ, வழி தப்பிட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. இன்னமும் சொல்றாங்க. அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியல. அவ வழி தப்பல. கடைசி கல்லு வரைக்கும் கால் பிசகாம நடந்தா. வீணா அவளுக்கு ஒரு கெட்ட பேர் எதுக்குன்னுதான் இதை எழுதுறேன்.

இப்ப சாயங்காலம் தோட்டத்துல உக்காந்து அவகூட பேசுறேன். அந்தச் சட்டத்தை எடுத்துட்டேன். அவ எங்கேயும் போகல, நல்லா கேட்டுக்கறா.

உங்க வீட்ல யாராச்சும் கெளம்பறேன்னு பெட்டியைத் தூக்கினா நீங்க எப்படி நிறுத்துவீங்க? கீழ எழுதுங்க. ரெண்டு வரின்னாலும் எழுதுங்க. இங்க எனக்குப் பேச்சுத்துணைக்கு யாரும் இல்ல.