தொழிலாளர் குழாயில் தண்ணீர் குடித்தே எங்களைத் தவிக்கவிட்ட திரு. தாணுமாலயன் அவர்களுக்கு

கொள்முதல் பிரிவின் கோமானே! பட்டறை வாசலில் போட்ட மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, பின்வாசலில் ஓடும் சாயக் கழிவைப் பார்க்கப் போகும் பெருந்தகையே! எங்கள் பொறுமையை முப்பத்தோராண்டு சோதித்தும் சலிக்காத சான்றோரே! வணக்கம்.

பணி ஓய்வு விழாவில் படிக்கும் பாராட்டு மடல் என்றால் வாயாரப் புகழ வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். புகழத்தான் உட்கார்ந்தோம். புகார்தான் வந்தது. பொறுத்தருள்க.

கைத்துண்டும் படுக்கை விரிப்பும் கடல் கடந்து அனுப்பும் நம் நிறுவனத்துக்கு நூல் ஓர் ஊரிலிருந்தும் நெசவு வேறோர் ஊரிலிருந்தும் சாயம் மற்றோர் ஊரிலிருந்தும் வந்தாக வேண்டும். அவர்களெல்லாம் நேர்மையானவர்களா, நீர்நிலையைக் கெடுக்காதவர்களா என்று வெளிநாட்டார் கேட்கிறார்கள். உலகம் முழுவதும் இதற்குக் கேள்விப் படிவம் அனுப்புவார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கிறீரா? ஆம். சிறுவர்களை வேலைக்கு வைக்கிறீரா? இல்லை. காலைத் தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். தங்களுக்கு மட்டும் அது போதாது! பையில் ஓர் எவர்சில்வர் தம்ளரைப் போட்டுக்கொண்டு பேருந்து ஏறுவீர்கள். அங்கே வேலை செய்வோர் குடிக்கும் குழாயிலேயே பிடித்துக் குடிப்பீர்கள். குடித்த பிறகே கையெழுத்து. நாங்கள் போய்விட்டு வந்தாலோ, உட்காருவதற்குள் கேள்வி வந்து விழும்: "மக்கா, அங்க உள்ள பிள்ளைய குடிக்கிய வெள்ளத்தக் குடிச்சியளா?"

சரிபார்ப்புக்கென்று கழக்கூட்டத்து மென்பொருள் இளைஞர்களை வைத்துப் பெரும் பாடுபட்டு ஒரு நிரல் செய்தோம். பச்சை, மஞ்சள், சிவப்பு எனத் தானே நிறம் காட்டும். அதிலும் 'வெள்ளம்' என்று ஒரு கட்டத்தைச் சேர்க்கவைத்தீர்கள். அறிக்கை அப்படியே வெளிநாட்டுக்குப் போய், வெள்ளம் என்பது எந்தப் பன்னாட்டுத் தரச்சான்று என்று அங்கிருந்து கேள்வி வந்தது. குடிக்கும் தண்ணீர்தான் என்று விளக்குவதற்குள் அறிக்கை அனுப்பிய நம் பிரிவு ஆர்யா அழாத குறை.

எந்தப் பொருளையும் ஒரே ஆளிடம் வாங்கக் கூடாது என்பது தங்களது அடுத்த அடம். ஒரு தலையணை உறைப் பொத்தானுக்கு எதற்கு ஐயா இரண்டு வியாபாரிகள் என்று முணுமுணுத்தோம். மழையில் நாகர்கோவில் பாதை அடைபட்டு ஒருவரின் சரக்கு நின்றபோது, மற்றவரின் சரக்கு கொல்லம் வழியே வந்து சேர்ந்தது. அன்றாவது 'நான் சொன்னேன் அல்லவா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திருப்பிச் சண்டை போட எங்களுக்கு ஒரு வாய்ப்புக்கூடத் தராத தங்கள் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது!

இனி, முன்வரிசையில் வீற்றிருக்கும் நிர்வாக இயக்குநர் அனந்தபத்மநாபன் அவர்களும் சற்றுச் செவிசாய்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் ஆர்டருக்கென்று மாநில எல்லைக்கு அப்பால் ஒரு புதிய சாயப்பட்டறை பேசப்பட்டது. விலை குறைவு, படிவம் முழுக்கப் பச்சை. தாணுமாலயன் ஐயா, தாங்களோ போய்ப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டீர்கள். கால்வலியால் போகவும் முடியவில்லை. தாணுமாலயன் ஓய்வு பெறட்டும், அப்புறம் முடித்துக்கொள்ளலாம் என்று மேலிடம் நினைத்தது. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அதில் ஒரு நிம்மதி இருந்தது. நேற்று நம் பிரிவின் சுதீஷும் சீதாலக்ஷ்மியும் ஒப்புதல் தரவே அங்கு போனார்கள். குளிரூட்டிய அறையில் பிரியாணியும் பாட்டில் தண்ணீரும் காத்திருந்தன. சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்திட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் சுதீஷ் எழுந்து பின்பக்கம் போய், தொழிலாளர் குழாயில் கையேந்தினார். முதலாளி பதறி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாராம்: "ஐயையோ, அதைக் குடிச்சிராதீங்க சார்! அது அவங்களுக்கு உள்ளது!"

அதற்குமேல் எங்கே கையெழுத்திடுவது? பிரியாணியைத் தொடாமல் இருவரும் திரும்பிவிட்டார்கள். அந்தப் பட்டறைக்கு ஒப்புதல் இல்லை. கிறிஸ்துமஸ் சரக்கு தாமதமாகலாம், ஆர்டரே கைநழுவலாம். இயக்குநர் ஐயா இதை இப்போதுதான் கேள்விப்படுகிறார் என்பது இந்த வரியைப் படிக்கும்போது அவர் முகத்திலேயே தெரியும். திங்கட்கிழமை அவர் முன்னால் நிற்கப்போவது நாங்கள். தாங்களோ கரமனை வீட்டில் காலை நீட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருப்பீர்கள். இது எந்த ஊர் நியாயம்? எங்களை இப்படிக் கெடுத்துவிட்டு எப்படி ஐயா போக மனம் வருகிறது?

ஐயாவின் துணைவியார் வடிவாம்பாள் அவர்களே! இனி இவர் தங்கள் பொறுப்பு. நாளை முதல் வீட்டுக்கு இரண்டு பால்காரர்கள் வருவார்கள். இருவரின் தொழுவத்தையும் இவர் பார்க்கப் போவார். அந்தப் பால்காரர்களுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.

ஓய்வறியா உழைப்பாளரே! கால்வலி நீங்கி, கண்ணொளி குன்றாது, நல்ல நீரும் நல்ல காற்றும் நாளெல்லாம் துணைநிற்க, நூறாண்டு கடந்தும் யாரையும் எளிதில் நம்பாமல் வாழ்க! இந்த மடலுடன் புதுத் தம்ளர் ஒன்றைப் பரிசாகத் தருகிறோம். பையிலிருக்கும் பழையதை மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள். வரும் வாரம் வேறொரு சாயப்பட்டறைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இங்ஙனம்,
தங்களால் இனி யாரையும் நம்ப முடியாமல் போன
கொள்முதல் பிரிவு ஊழியர்கள்,
திருவனந்தபுரம்.