சேலை முனையில் மஞ்சள்

பிள்ளைகளே, நீங்கள் சிறியவர்களாக இருந்தபோது, கோப்பெங்கிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் நான் கேட்ட பேச்சு இது. இலங்கையில் கலவரம் நடந்து, அங்குள்ள அகதி முகாம்களுக்கு இங்கே மலேசியாவில் துணிமணி சேர்த்துக்கொண்டிருந்த நேரம். எனக்கு முன் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவும் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண்ணும் சேலை மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மூட்டையைப் பிரித்துப் பார்த்த அந்த அம்மா, "இதுகளை அனுப்பேலாது," என்றார்.

"ஏன்க்கா? எல்லாம் துவைச்சதுதான்லா."

"ஒவ்வொரு சேலையிலயும் கறை இருக்கு, பிள்ளை. என்ர தங்கச்சியும் அந்த முகாமிலதான் இருக்கிறா. எல்லாத்தையும் இழந்த சனத்துக்குக் கறைச் சேலையோ?"

தோட்டத்துப் பெண் சிரித்துவிட்டார். "ஐயோ அக்கா, அது கறை இல்ல, மஞ்சள்! புதுச்சேலை கட்டுறதுக்கு முன்னாடி முனையில வைப்போம்ல? எங்ககிட்ட புதுசு ஏது? இதை அனுப்புற கப்பல் கூலிக்கே கோயில்ல வடை சுட்டு வித்தோம். குடுக்குறது பழசு, ஆனா கட்டுறவங்களுக்கு அது புதுச்சேலைதானே? அதான் எல்லாத்துக்கும் வெச்சோம்."

அந்த அம்மா சேலைகளை மறுபடி மடித்து மூட்டையில் வைத்தார். பிறகு, "தங்கச்சிக்கு எழுதிறன், கறை எண்டு நினைச்சுத் தோய்ச்சுப் போடாதை எண்டு," என்றார். "நீங்கள் எல்லாரும் நல்லா இருக்கோணும், பிள்ளை."

அன்று மாலை வீட்டில் நான் மட்டும் இருந்தேன். முகாமுக்கென்று எடுத்து வைத்திருந்த என் பழைய சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. என் கல்யாணச் சட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து அதில் தைத்தேன்.