எந்தத் தோட்டம்மா?

இருங்க... இருங்க. கை தட்டுறதைக் கொஞ்சம் நிறுத்துங்க. ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைச் சொல்லிடறேன். கேட்டு முடிச்சிட்டு, தட்டுறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

இங்கேருந்து ரொம்பத் தூரமில்லாத ஒரு சின்ன டவுன். பேரு வேண்டாம். அங்க கிணத்தடித் தெருன்னு ஒரு தெரு. தெரு முக்குல ஒரு புறம்போக்கு. ஊர்க் குப்பை மொத்தமும் அங்கதான் வரும். எதிர்த்த வீட்டுல லூர்தம்மான்னு ஒருத்தி, தையல் மிஷின் வச்சுப் பிழைக்கிறவ. அந்தக் குப்பைமேட்டுக் கொசு கடிச்சு அவ பொண்ணுக்கு டெங்கு. பிழைக்குமா பிழைக்காதான்னு ஆஸ்பத்திரியில கிடந்து... எப்படியோ பிழைச்சு வந்துச்சு.

வந்த மறுநாளே லூர்தம்மா மண்வெட்டியைத் தூக்கிட்டா. பேரூராட்சிக்கு மனு போட்டாளா? இல்லை. போட்டுப் போட்டு ஓஞ்சவதான் அவ. குப்பையை அள்ளுனா. தெருப் பொம்பளைங்க பின்னாடியே வந்தாங்க. செவ்வந்தி, கோழிக்கொண்டை, மரிக்கொழுந்து, கீரைப்பாத்தி, ரெண்டு வாழை. குப்பைமேடு தோட்டமாச்சு. அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போன ஜனம் நின்னு மூச்சு இழுத்துட்டுப் போச்சு.

தோட்டம்னு ஆனதும்தான் அது நல்ல இடம்னு பேரூராட்சிக்கே தெரிஞ்சுது! குப்பையா கிடந்தப்போ கண்ணுல படாத இடம்... இப்போ கடை கட்டணுமாம். சும்மா கட்டிட முடியுமா? ஜனநாயகம் இல்லையா? ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு வந்தாங்க. "பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்! தோட்டம் அமைந்துள்ள இடத்திலேயே நடைபெறும்! அனைவரும் வருக!"

தெருவுக்குச் சந்தோஷம் தாங்கலை. நம்மகிட்ட கருத்துக் கேக்கிறாங்களாம்! இதுவரைக்கும் எவன் கேட்டான்?

தெரு நலச் சங்கத் தலைவர் வடமலை. பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். நல்ல மனுஷன்தான். அவர் சொன்னாரு, "பெரிய அதிகாரி வர்றாரு. வெறுங்கையோடவா வரவேற்கிறது? வாசல்ல வாழை கட்டணும். மாலை போடணும்."

வாழைக்கு எங்க போறது? பூவுக்கு எங்க போறது?

எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தாங்க.

லூர்தம்மா பதறிப் போயிட்டா. "அண்ணே... அவுங்க தோட்டத்தைப் பார்க்கத்தானே வர்றாங்க?"

"அட என்னம்மா நீ! செடி மறுபடி முளைக்கும். மரியாதை போனா முளைக்குமா?"

அவ என்ன பண்ணுவா? தெருவே ஒண்ணாச் சொல்லுது. குலை தள்ளின ரெண்டு வாழையும் விழுந்துச்சு. செவ்வந்தி போச்சு. மரிக்கொழுந்து போச்சு. மாலையைக் கட்டுனது யாருங்கிறீங்க? அவளேதான். அவ கையாலேயே கட்டுனா. கீரைப்பாத்தியில பந்தக்கால் நட்டாங்க. மிச்சம் இருந்த இடத்துல நாற்காலி போட்டாங்க.

அதிகாரி வந்தாரு. மாலை விழுந்துச்சு. வரவேற்புரை... வாழ்த்துரை... பொன்னாடை... மறுபடி ஒரு வாழ்த்துரை. அய்யா அவர்களே, அய்யா அவர்களேன்னு வாயெல்லாம் அய்யா! தோட்டம்னு ஒருத்தர் வாயிலயாவது வந்துச்சா? வரலை. லூர்தம்மா கையைத் தூக்குனா. வடமலை ஓடி வந்து காதுல சொல்றாரு, "உனக்குத்தான் நன்றியுரை வச்சிருக்கேன்ல? பொறு, அப்போ பேசிக்கோ."

கேட்டீங்களா? பறிகொடுக்கப் போறவளுக்கு... நன்றியுரை!

கடைசியா மைக் அவ கைக்கு வந்துச்சு. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே எந்திரிச்சிட்டாரு. அவ அவசர அவசரமாச் சொல்றா, "அய்யாவுக்கு நன்றிங்க... எங்க தோட்டத்தை மட்டும் எடுத்துடாதீங்க அய்யா."

அவர் சுத்திப் பார்த்தாரு. பந்தல். நாற்காலி. மிதிபட்ட மண்ணு. கிண்டலாக் கேக்கலைங்க, நிஜமாவே தெரியாமத்தான் கேட்டாரு... "எந்தத் தோட்டம்மா?"

லூர்தம்மா கையை நீட்டிக் காட்டுனா. "உங்க கழுத்துல கிடக்குதே அய்யா... அதுதான்."

கூட்டம் என்ன பண்ணுச்சு தெரியுமா? நல்லாப் பேசிட்டான்னு கை தட்டுச்சு! அவரும் சிரிச்சுக்கிட்டே ஜீப்புல ஏறுனாரு. ஏறும்போது கூட வந்தவர்கிட்டச் சொன்னாரு, "இடம் காலியாத்தான் இருக்கு. ஜனங்களுக்கும் சந்தோஷம்தான். எழுதிக்குங்க."

கடை வந்துச்சா? அதுவும் வரலை. தகரத்தை வச்சு அடைச்சாங்க. தகரத்துக்கு மேல ஜனங்க வீசி வீசி, உள்ள இன்னைக்கு என்ன கிடக்கு? அதே குப்பை. எதிர்வீட்டுல லூர்தம்மா, சாயந்திரமானா ஜன்னலைச் சாத்திட்டு, பொண்ணோட நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா.

இப்போ சொல்லுங்க... தோட்டத்தை அழிச்சது யாரு? அதிகாரியா? அவர் ஒரு இலையைக் கூடக் கிள்ளலையே! வெட்டுனது நம்ம அருவா. பறிச்சது நம்ம கை. கருத்துக் கேக்க வந்தவனுக்கு நாம கருத்தைத் தவிர எல்லாத்தையும் கொடுத்தோம். கேக்கிறவனை விருந்தாளின்னு நினைக்கிற வரைக்கும், நமக்குக் கிடைக்கிறது நன்றியுரைதான்.

நாளைக்குக் காலையில உங்க ஊர்லயும் இதே கூட்டம். பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நீங்க போட்டிருக்கிற தோட்டத்துக்குத்தான். முதல் ஆளா எந்திரிச்சு, தோட்டத்தை எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. வாழ்த்துரைக்கு முந்திச் சொல்லுங்க. அவ்வளவுதான் நான் கேக்கிறது.

ஒண்ணு மட்டும் பாக்கி. நான் மேடை ஏறுனதும் எனக்கு ஒரு மாலை போட்டீங்க... இதோ. செவ்வந்தி, நடுவுல மரிக்கொழுந்து. நல்ல வாசம்.

இது எங்க பறிச்சது?

...ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க?